சத்திரத்தில் இடமில்லை

திருவருகைக் காலம் பிறந்துவிட்டது. ஆலயப் பீடத்தருகே பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுதிரிகள் நிற்கின்றன. வாரம் ஒன்றாக அவை சுடர்விடும். நம் இல்லங்களிலும் ஆயத்தங்கள் தொடங்கிவிட்டன. சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கிறோம், முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு அரைத்து வைக்கிறோம், பரணிலிருந்து குடில் சுரூபங்களை இறக்கித் தூசி துடைக்கிறோம். இவை யாவும் நல்லவையே. ஆயினும் இந்நான்கு வாரங்களில் திருச்சபை நம்மிடம் கேட்பது இவற்றினும் பெரிதான ஒன்று. வரவிருப்பவருக்கு இடம் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே அது.

இடம் ஆயத்தம் செய்தல் என்பது உள்ளத்துக்குள் மட்டும் நிகழும் செயல் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் பெத்லேகேமில் அன்று தேவைப்பட்டது கூரையும் சுவரும் உள்ள ஓர் இடம். பேறுகாலம் நெருங்கிய பெண்ணொருத்தி படுப்பதற்கு ஓர் இடம். அத்தகைய இடத்தைப் பற்றியே, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியைக் கண்முன் நிறுத்தி, இம்மாதம் சிந்திக்க விழைகிறோம்.

வைகறையில் காத்திருப்போர்

ஸ்ரீபெரும்புதூர், வைணவ ஆசாரியரான இராமானுசர் பிறந்த ஊராகத் தமிழகம் நெடுங்காலம் அறிந்த தலம். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த அப்பகுதி, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் முற்றிலும் உருமாறிவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் கார்கள் உருவாகத் தொடங்கின. பின்னர் சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் பரவின. இன்று காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும், டயரும், கண்ணாடியும், கைப்பேசியும் அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன.

விடியுமுன் அச்சாலையோரம் நின்று பார்ப்பவர்க்குக் காத்திருத்தல் என்றால் என்னவென்று விளங்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் சோற்றுப் பாத்திரத்துடன், இளைஞரும் இளம்பெண்களும் நிறுவனப் பேருந்துக்காகக் கூட்டம் கூட்டமாக நிற்கின்றனர். இரவுப் பணி முடித்தோர் எதிர்ப்புறத்தில் இறங்குகின்றனர். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களுள் உண்டு; ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. பேருந்துக்குக் காத்திருத்தல் அவர்களுக்குச் சிறிய காத்திருப்பு. ஒப்பந்தப் பணி நிரந்தரமாகும் நாளுக்கும், தங்கையின் திருமணக் கடன் அடையும் நாளுக்கும், விழாவுக்கு ஊர் செல்ல விடுப்புக் கிடைக்கும் நாளுக்கும் காத்திருப்பதே பெரிய காத்திருப்பு. அது வீணாகிப்போவதும் உண்டு. 2006-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், வேலையிழந்தனர்.

2021, டிசம்பர் 17

திருவருகைக் காலத்தின் இறுதி எட்டு நாள்கள் டிசம்பர் 17-இல் தொடங்குகின்றன. அன்று முதல் திருச்சபையின் மன்றாட்டில் ஆவல் மிகுகிறது. வாரும் ஆண்டவரே என்று அது தீவிரமாக வேண்டுகிறது. 2021-ஆம் ஆண்டு அதே நாளின் இரவில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் வந்து அமர்ந்தனர்.

அவர்கள் சுங்குவார்சத்திரம் அருகே கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தவர்கள். அவர்களுடைய தோழியர் தங்கியிருந்த பூந்தமல்லி அருகேயுள்ள விடுதியில், உண்ட உணவே நஞ்சாகி, 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. உடன் பணிபுரிந்தவள் உயிரோடிருக்கிறாளா என்று சொல்வார் இல்லாத நிலையில், அப்பெண்கள் சாலையில் அமர்ந்து, மறுநாள் வரை காத்திருந்தனர். அப்பொழுதுதான் விடுதி அறைகளின் நிலை நாட்டுக்குத் தெரியலாயிற்று. ஓர் அறையில் பலர் நெருக்கியடித்துத் தரையில் படுத்ததையும், கழிப்பறையில் நீர் இல்லாததையும் செய்தித்தாள்கள் எழுதின. அங்கு உருவாகும் கைப்பேசிகளை விற்கும் அமெரிக்க நிறுவனமே, சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தாம் வகுத்த தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டது. மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ஆம் நாளே மீண்டும் திறக்கப்பட்டது.

அப்பெண்கள் அமர்ந்த சாலையை அடுத்துள்ள ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் உணவும் தருவதைப் பேரறமாகக் கொண்டு நம் முன்னோர் நெடுஞ்சாலைதோறும் சத்திரங்கள் கட்டினர். அவ்வறத்தின் பெயர் தாங்கிய ஊரில், வந்தவர்க்குத் தக்க இடமில்லாமற் போயிற்று.

சத்திரக்காரன் யார்?

கிறிஸ்து பிறப்பு நாடகங்களில் சத்திரக்காரன் ஒருவன் வருவான். தலைப்பாகை அணிந்து, கையில் விளக்கேந்தி, சூசையப்பரைக் கடிந்து கதவைச் சாத்துவான். நம் பிள்ளைகள் அவ்வேடத்தை விரும்பிப் போடுவர். ஆனால் லூக்காஸ் எழுதிய நற்செய்தியைத் திறந்து பாருங்கள். அங்கே சத்திரக்காரன் என்று எவருமே இல்லை! அவர்களுக்கு இடமில்லை என்பது மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. இடமில்லை என்று சொன்னவர் யார் என்று சொல்லப்படவில்லை.

இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. இடமில்லை என்று ஒருவர் முன்வந்து சொல்வதேயில்லை. நிறுவனத்தைக் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் விடுதி உரிமையாளரைக் காட்டுவார். விடுதி உரிமையாளர் சமையல் குத்தகைக்காரரைக் காட்டுவார். அவரோ, தரப்படும் பணத்துக்கு இதற்குமேல் என்ன ஆக்கிப்போட முடியும் என்பார். பொருளை வாங்கும் நாம், விலை குறைந்தால் மகிழ்கிறோம். இப்படி ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டக் காட்ட, கன்னிமரி தீவனத் தொட்டிக்குத் தள்ளப்படுகிறாள். ஆகவே சத்திரக்காரனின் பெயரை நற்செய்தி சொல்லாது விட்டது, அவ்விடத்தில் நம் பெயரை நாமே வைத்துப் பார்ப்பதற்காகவோ என்று தோன்றுகிறது.

விரைந்து சென்ற அன்னை

பெண்கள் சாலையில் அமர்ந்திருந்த நாளுக்கு மறுநாள், அதாவது 2021 டிசம்பர் 19, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்று உலகெங்கும் நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, மரியன்னை எலிசபெத்தம்மாளைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்ற வரலாறு. அவ்வாண்டின் வாசக வரிசைப்படி அமைந்தது அது. எவரும் அந்நிகழ்ச்சிக்கெனத் தேர்ந்ததன்று. ஆயினும் அதைக் கேட்டுவிட்டு, அந்நெடுஞ்சாலையை எண்ணாதிருக்க இயலுமோ?

மரியன்னையைப்போல் காத்திருந்தவர் எவருமில்லை. தம் திருவயிற்றில் இறைமகனையே சுமந்து காத்திருந்தார். அத்தகையவர் வாயிற்கதவைத் தாழிட்டுத் தம்மைப் பேணிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். எவரும் குறைகூறியிருக்க மாட்டார். அவரோ முதிய வயதில் கருவுற்ற உறவினருக்குத் துணைசெய்யப் புறப்பட்டார். ஏறத்தாழ மூன்று மாதம் உடனிருந்தார். கிறிஸ்தவனின் காத்திருப்பு இத்தகையது. பேருந்து வருமா என்று கைகட்டி நிற்பதுபோன்றதன்று அது. விருந்தினர் வருகிறார் என்றறிந்த வீட்டார் இங்குமங்கும் ஓடியாடிப் பணிபுரிவதுபோன்றது. வருவார் என்னும் நம்பிக்கை இருந்தால், கைகள் தாமே இயங்கும்.

இடம் உண்டாக்க இயலும்

இடமில்லை என்பது விதியன்று என்பதற்கும் இத்தொழிற்பகுதியே சான்று பகர்கிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்கெனத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் மாபெரும் குடியிருப்பு ஒன்றைக் கட்டியது. 706 கோடியே 50 லட்ச ரூபாய்ச் செலவில் எழுந்த அது, 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்டது. பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு அறுவர், ஆக, 18,720 பெண்கள் தங்கலாம். சாலையில் அமர்ந்த பெண்களின் கண்ணீருக்குப் பின் மூன்றாண்டுக்குள் இஃது எழுந்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் 18,720 படுக்கைகளால் எல்லாத் தொழிலாளர்க்கும் இடம் கிடைத்துவிடாது. மற்றவர் ஊர்களில் வாடகை அறைகளிலும் தனியார் விடுதிகளிலும் வாழ்கின்றனர். அன்றியும், படுக்கை வேறு, வீடு வேறு. காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி கொடுப்பாரும், பண்டிகை நாளில் உண்டாயா என்று கேட்பாரும் இருக்குமிடமே வீடு. அதை அரசு கட்டித் தர இயலாது. அது நம் பங்கு.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1891-இல் பாப்பரசர் பதிமூன்றாம் சிங்கராயர் (லியோ) தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடல், நியாயமான ஊதியத்தை வலியுறுத்தியது. 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப்பற்றி எழுதிய மடலில், வேலைக்காக மனிதன் இல்லை, மனிதனுக்காகவே வேலை என்னும் கருத்தை விளக்கினார். 2025 மே மாதம் தேர்வு பெற்ற பாப்பரசர், முன்னவரின் தொழிலாளர் மடலை நினைவுகூர்ந்தே பதினான்காம் சிங்கராயர் என்னும் பெயரை ஏற்றார்.

இரண்டில் ஒன்று

ஆயின், நாம் செய்யவேண்டுவது யாது? இதே கேள்வியை மக்கள் யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு அருளப்பரிடம் கேட்டனர். அவர் அவர்களைப் பாலைநிலத்துக்கு வருமாறு அழைக்கவில்லை. இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்றார். வரி தண்டுவோரிடம் விதித்ததற்குமேல் வாங்காதீர் என்றார். போர்வீரரிடம் எவரையும் அச்சுறுத்திப் பணம் பறியாதீர் என்றார். அவரவர் தொழிலிலேயே அவரவர்க்குரிய தவத்தைக் காட்டினார்.

கிழிந்ததையும் பழையதையும் கொடுப்பதைத் தருமம் என்று நாம் அழைக்கிறோம். அருளப்பரோ இரண்டில் ஒன்றைக் கேட்கிறார். அவர் நம் ஊருக்கு வந்தால் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்ப்போம்.

அறைகளை வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளரே, நால்வர் படுக்கும் அறையில் எண்மரை அடைக்காதீர் என்பார். குழாயில் நீரும் கதவில் தாழ்ப்பாளும் உண்டா என்று கேட்பார். பெண்கள் விடுதி நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014 முதல் சட்டம் உண்டு, பெற்றீரா என்பார். ஆள் சேர்த்துவிடும் ஒப்பந்தக்காரரே, ஏழையின் ஊதியத்தில் பிடித்தம் செய்யுமுன் கடவுளை நினைத்துக்கொள் என்பார். நிறுவனத்தில் அதிகாரியாய் இருக்கும் நம் பங்கு இளைஞரிடம், உன் கீழ் உழைப்பவள் உண்ணும் சோற்றை ஒருநாளேனும் நீ உண்டு பார்த்தாயா என்பார்.

பங்கு மக்களிடமும் அவர் கேட்பதுண்டு. காலைப் பணிக்குச் செல்வோரும் இரவுப் பணி முடித்து வருவோரும் ஞாயிறு திருப்பலியில் கலந்துகொள்ள ஏற்ற நேரம் உண்டா? ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கும் புதுமுகத்தை எவரேனும் பெயர் கேட்டதுண்டா? சோட்டாநாகபுரி மலைநாட்டின் ஓராவோன், முண்டா, கடியா மக்களிடையே கத்தோலிக்கர் பலர் உள்ளனர். 1885-இல் அங்குச் சென்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்து தவித்த அம்மக்களுக்கு நீதிமன்ற வழக்குகளில் துணைநின்றார். அதனாலேயே அவர்கள் மனம் திறந்து கிறிஸ்துவை ஏற்றனர். அம்மக்களின் பேரப்பிள்ளைகள் பிழைப்புத் தேடி நம் ஊருக்கு வரும்போது, மொழி தெரியாத அயலாராய் நிறுத்திவிடல் முறையோ? வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் இவ்வாண்டு தம் சந்திப்புகளுள் தொழிலாளர் அறைகளையும் சேர்த்துக்கொண்டால் எத்துணை நன்று!

இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர் செல்ல விடுப்பும் வண்டியில் இடமும் கிடைக்காத தொழிலாளர் இருவரை, அவர் எம்மதத்தவராயினும், கிறிஸ்து பிறப்பு நாளன்று நம் இல்லத்துக்கு அழைப்போம். திண்ணையில் வைத்துப் பொட்டலம் கொடுத்தனுப்புதல் வேண்டா. நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்த்தி உணவளிப்போம். அவர் அன்னையின் பெயரைக் கேட்டறிந்து, அன்றிரவுக் குடும்பச் செபத்தில் அவ்வன்னைக்காகவும் வேண்டுவோம்.

வெறுமையான தொட்டி

நம் இல்லக் குடில்களில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. மாதாவும் சூசையப்பரும் இடையரும் ஆடுகளும் முன்னரே வைக்கப்பட்டிருப்பர். தீவனத் தொட்டி மட்டும் வெறுமையாய் இருக்கும். கிறிஸ்து பிறப்பு இரவில்தான் பாலன் இயேசுவின் சுரூபம் அதில் வைக்கப்படும். அதுவரை அது ஒருவருக்கென ஒதுக்கிய இடம்.

இவ்வாண்டு அவ்வெறுமையான தொட்டியைக் காணும்போதெல்லாம், வைகறையில் நெடுஞ்சாலையோரம் நிற்போரை நினைப்போமாக. நம் அறையில், நம் பந்தியில், நம் ஆலய இருக்கையில் ஒருவருக்கென ஓர் இடம் ஒதுக்குவோமாக. அப்பொழுது, அன்று பெத்லேகேமில் கிடைக்காத இடம் ஆண்டவருக்கு நம் நடுவே கிடைக்கும்.