கண்டி இல்லங்களின் மரச் சாளரங்கள்

வீட்டுச் சுவரில் ஒளிக்கும் காற்றுக்கும் விடப்படும் வாயிலுக்குத் தமிழிற் பெயர்கள் பலவுள. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆதலிற் காலதர் என்பது காற்று வரும் வழியாயிற்று. மானின் கண்போன்று அமைந்த காலதர்களையுடைய மாளிகைகளைச் சிலப்பதிகாரம் கூறும். பல கண்களையுடையது பலகணி. வலையைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது சாளரம் என்பர். ஈழநாட்டார் நாடோறும் வழங்கும் யன்னல் என்பதோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். காற்றையும் ஒளியையும் உள்ளே விடுதலும், மழையையும் கடுவெயிலையும் பிறர் நோக்கையும் வெளியே நிறுத்துதலுமாகிய முரண்பட்ட இருதொழில்களை ஒருங்கே ஆற்றுவது சாளரம். அத்தொழிலை மரம் எவ்வாறு ஆற்றிவந்தது என்பதனைக் கண்டி நகரிலும் அதன் சூழலிலும் நிற்கும் பழைய இல்லங்களிற் காணலாம். அம்மரச் சாளரங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு மறைந்துவருதலையும் அங்கேயே காணலாம்.

கண்டி மன்னர் காலத்திற் சாளரம் எல்லார்க்கும் உரிய பொருளன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலே, குடிமக்களின் வீடுகள் தடிகளால் அமைத்து மண் பூசிய சிறு குடில்கள் என்றும், மேன்மாடம் எடுத்தலும் ஓடு வேய்தலும் சுண்ணம் தீட்டுதலும் அவர்க்கு விலக்கப்பட்டிருந்தன என்றும் எழுதியுள்ளார். பிரதானிகளின் இல்லங்களோ வேறு. நடுவே முற்றம் அமைத்து நாற்புறமும் அறைகள் சூழ எடுத்த அவ்வில்லங்கள் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைவூட்டுவன. அவற்றுக்கு ஒளி தந்தது முற்றமேயன்றிப் புறச்சுவரன்று. ஆதலால் தடித்த சுவரிலே சிறியனவாய்ச் சாளரங்கள் வைக்கப்பட்டன, கண்ணாடி கிடையாது, கடைந்தெடுத்த மரக்கம்புகள் நிரையாக நிறுத்தப்பட்டிருக்கும். அக்கம்புகளுக்குச் செவ்வரக்கும் மஞ்சளரக்கும் பூசுதலும் உண்டு. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றிய பின்னரே, புறச்சுவரில் உயர்ந்து அகன்ற சாளரங்களும், சாய்வாக அடுக்கிய மெல்லிய பலகைகளாலான கதவுகளும், மேலே கண்ணாடி பதித்த சிறு விளக்கங்களும் நகரத் தெருக்களிலும் தோட்டத்துப் பங்களாக்களிலும் பரவின.

சாய்பலகைக் கதவின் நுட்பம் எண்ணத்தக்கது. பலகைகள் வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருத்தலின் மழைநீர் உள்ளே புகாது வழிந்தோடும். காற்றோ பலகைகளின் இடைவெளியால் மேனோக்கி உட்செல்லும். உள்ளே வெம்மையுற்ற காற்று மேலேறி மேற்சாளரத்தின் வழியே வெளியேறும். கதவைச் சாத்தியிருக்கும்போதே காற்றோட்டம் நிகழுமாறு செய்த இவ்வமைப்பை, முழுக் கண்ணாடிக் கதவு எத்துணை விலையுயர்ந்ததாயினும் தருதல் இயலாது. அதனைச் சாத்தினாற் புழுக்கம்; திறந்தால் மழை.

இத்தகைய சாளரங்கள் இன்று கழற்றப்படுதற்குக் கூறப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: 'மரம் இற்றுப்போயிற்று.' உண்மையில் இற்றுப்போவது சாளரம் முழுவதுமன்று. நீர் தங்கும் அடிச்சட்டமும், கதவின் கீழ்க்குறுக்கும், நெடுஞ்சட்டத்தின் நாக்குக் குறுக்குச்சட்டத்தின் துளையிற் புகும் பொருத்துமே முதலிற் கெடுவன. அவற்றுக்கு மேலேயுள்ள பெரும்பகுதி நூறாண்டு சென்றும் வைரம் பாய்ந்து நிற்கக் காணலாம். ஒரு முழ நீளமுள்ள மரத்தின் கேட்டுக்காகச் சாளரத்தையே விறகாக்கி, அலுமினியச் சட்டத்துக்குப் பொருள் செலவிடுதல் பிழையான கணக்காகும். கழித்தெறியப்படும் முதிர்ந்த பலாவையோ முதிரையையோ இன்று மரக்காலையில் வாங்கப் புகுவார்க்கே அப்பிழையின் அளவு தெரியவரும்.

பழைமையை எவ்வாறு பேணுதல் வேண்டும் என்னும் வினாவைக் கண்டியில் வன்மையாக எழுப்பியவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய்ப் பணியாற்றிய காலத்தில், 1905ஆம் ஆண்டு கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு திறந்த மடல் வரைந்தார். முன்னோர் எடுத்த கட்டடங்கள் பேணுவாரின்றி அழிதலையும், அவற்றினிடத்தே சுவையற்ற புதியன எழுதலையும் அம்மடலில் இடித்துரைத்தார். 1908இல் வெளிவந்த 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலிலே தச்சர், கொல்லர், அரக்கு வேலையாளர் முதலியோரின் தொழின்முறைகளை விரித்தெழுதினார். 425 படிகளே அச்சிடப்பட்ட அந்நூல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சேறியது. அம்மொறிஸ் 1877இல் இங்கிலாந்திற் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவியவர். குமாரசுவாமி பிறந்ததும் அவ்வாண்டே. பழங்கட்டடத்தைப் புதிதாக்கிக் காட்டுதல் அதனை அழித்தலேயாம், நாடோறும் சிறுகச் சிறுகச் செப்பனிடுதலே காத்தலாம் என்பது அக்கழகத்தின் கொள்கை. கோயிலுக்கும் மாளிகைக்கும் கூறப்பட்ட அக்கொள்கை ஒரு யன்னலுக்கும் பொருந்தும்.

செப்பனிடப் புகுவோர் முதலில் நோயை நாடுதல் வேண்டும். குத்தூசியொன்றாற் சட்டங்களை அடியிலிருந்து மேலாகக் குத்திச் செல்ல, ஊசி எளிதிற் புகுமிடம் கெட்டவிடம் என்றும், தடைப்படுமிடம் நல்லவிடம் என்றும் அறியலாம். மரத்தை அழிக்கும் பூஞ்சணம், மரத்திலுள்ள ஈரம் அதன் உலர்ந்த நிறையில் நூற்றுக்கு 20க்குக் குறைவாயின் வளர்தல் அரிது. ஆகவே ஈரம் எவ்வழி வந்ததென்பதைக் காணாது மரத்தை மட்டும் மாற்றினால், புதிய மரமும் சில ஆண்டுகளிற் கெடும். பீலியின் ஒழுக்கோ, சுவரில் ஏறும் நிலத்தீரமோ, நிலையைச் சுற்றி இறுகப் பூசிய சீமெந்தோ காரணமாயிருக்கலாம். பழைய சுவரின் சுண்ணச் சாந்து ஈரத்தை வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் பூசிய சீமெந்து ஈரத்தை மரத்தோடு சேர்த்து அடைத்துவைக்கும். அடிச்சட்டத்தின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். அது வெளிப்புறம் சரிந்திருப்பதோடு, வெளியே நீண்ட விளிம்பின் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு சாலும் உடையதாயிருத்தல் வேண்டும். சால் இல்லையேல் நீர் விளிம்பின் அடியைப் பற்றிக்கொண்டு சுவர்வரை ஊர்ந்து செல்லும். சால் உண்டாயின் அதனைக் கடக்கமாட்டாது துளியாய் விழும். பழந்தச்சர் தவறாது இட்ட இச்சால் புதிய வேலைகள் பலவற்றிற் காணப்படுவதில்லை.

கெட்ட பகுதியை நல்ல மரம் தோன்றும்வரை அறுத்து நீக்கி, அதே இன மரத்தின் வைரப் பகுதியை, நார் ஒரே திசையில் ஓடுமாறு சாய்வெட்டாக இணைத்தல் முறை. இணைப்பின் சரிவு நீரை வெளியே வடியவிடுவதாதல் வேண்டும். எதிர்த்திசையிற் சரியுமாயின் அது நீரை உள்ளே வாங்கும் வாயாகிவிடும். பொந்தைச் சாந்தாலோ பிசினாலோ அடைத்து மேலே வண்ணம் பூசுதல் நோயை மறைத்தலேயன்றித் தீர்த்தலன்று. தளர்ந்த பொருத்துக்களில் இரும்புத் தகட்டை அறைவதிலும், பழைய மர முளையைத் தட்டியெடுத்துப் புதுமுளை இறுக்குதல் நன்று. கண்ணாடியைச் சுற்றியுள்ள மக்கு வெடித்திருப்பின், ஆளிவிதை எண்ணெயிற் சுண்ணத்தூள் பிசைந்த மக்கையே மீளவும் இடலாம். பழைய வண்ணத்தைக் களைவோர் ஒன்றை மறத்தலாகாது. முற்காலத்து வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. உலர்ந்தவாறே தேய்ப்பின் அதன் தூளும், நெருப்பால் வாட்டுவின் அதன் புகையும் உடலுட் புகும். குழந்தைகளுக்கு அதனால் விளையும் கேடு பெரிது. ஆகலின் நனைத்துச் சுரண்டி, சுரண்டலைச் சேர்த்துக் கட்டி அகற்றுதல் வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் நீருண்டு பருத்துக் கதவு இறுகும். அப்போது தச்சரை அழைத்து இழைப்பிப்பவர், தை மாசி வறட்சியிலே அதே கதவு இடைவெளி விட்டு ஆடக் கண்டு வருந்துவர். நாரின் நெடுக்கில் மரம் பெரும்பாலும் மாறாது. குறுக்கிலேயே விரிந்து சுருங்கும். இழைக்கும் வேலையை வறண்ட மாதங்களுக்கு ஒத்திவைத்தலே தக்கது.

இனி மரத்தெரிவு. உள்ளே வைரமுடையதை மரம் என்றும், புறத்தே வைரமுடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. புறக்காழுடைய பனையில் நடுச்சோற்றைக் கழித்துப் புறத்தைக் கொள்கிறோம்; அகக்காழுடைய பலாவிலோ புறத்து வெளிறைக் கழித்து அகத்தைக் கொள்ளல் வேண்டும். வெளிறு கலந்த சட்டம் எவ்வின மரத்ததாயினும் வண்டுக்கும் கறையானுக்கும் இரையாகும். வாங்குவோர் மரத்தின் பெயரையே வினாவுகின்றனர். வெளிறு எவ்வளவு என்று வினாவுவோர் சிலரே.

கண்டிப் பகுதியில் வீட்டுத் தோட்டங்களிலேயே வளரும் பலா, கதவுக்கும் நிலைக்கும் நெடுங்காலம் உதவிவந்தது. வெட்டும்போது மஞ்சளாயிருக்கும் அதன் வைரம் நாளடைவிற் செம்பழுப்பாகும், கறையானை எதிர்க்கும், உளிக்கு இணங்கும். உணவுதரும் மரமாதலின் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுதல் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அனுமதி பெறாது தன் வளவிலுள்ள பலாவையும் வெட்டலாகாது. வறள்வலயக் காடுகளின் முதிரை வன்மையும் பாரமும் மிக்கது; மழையை நேரே தாங்கும் அடிச்சட்டத்துக்கு அதனினும் சிறந்தது அரிது. தேக்கு இந்நாட்டுக்குரியதன்று, ஒல்லாந்தர் காலத்தில் வந்தது, விரிந்து சுருங்குதல் குறைவாதலிற் கதவுகளுக்கு ஏற்றது. மகோகனி கதவுக்கு ஆகும். மழைபடும் அடிச்சட்டத்துக்கு அதனைக் கொள்ளாமை நன்று. பைன், றப்பர் முதலிய மென்மரங்களைப் பாதுகாப்பு மருந்து ஏற்றாது வெளிப்புறத்திற் பயன்படுத்தலாகாது. ஒரு சாளரம் முழுவதையும் விலைமிக்க ஒரே மரத்தாற் செய்வதிலும், அடிச்சட்டத்துக்கு முதிரையும் ஏனையவற்றுக்குப் பலாவும் கொள்ளுதல் சிக்கனமும் உறுதியும் உடையது. எம்மரமாயினும் நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி நன்கு உலர்த்தப்படாததாயின், பொருத்திய ஆண்டே முறுகிக் காட்டும்.

மரத்தினும் மேலான காவல் கூரை. உடுநுவரையிலுள்ள எம்பக்கத் தேவாலயத்து முரசு மண்டபம் 14ஆம் நூற்றாண்டினது எனப்படும். சுவரின்றித் திறந்து நிற்கும் அம்மண்டபத்தின் செதுக்குத் தூண்கள் இன்றுவரை நிலைத்திருத்தற்குக் காரணம், அவை கல்லின்மேல் நிறுத்தப்பட்டிருத்தலும், நீண்டு தாழ்ந்த கூரை மழையை விலக்குதலுமாம். புதிய வீடுகளின் மொட்டைச் சுவர்களில் தாழ்வாரமின்றி வைக்கப்படும் மரச் சாளரம் சில ஆண்டுகளிற் கெடுமாயின், பழி மரத்தின்மேற் சுமத்தப்படுகிறது.

புதிய இல்லத்துக்கும் பழைய தொழிலுக்கும் பகையில்லை என்பதைக் கண்டியிலேயே ஒருவர் காட்டினார். 1918இல் அந்நகரிற் பிறந்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தின் துணையுறுப்பினராய்த் தெரிவான முதல் ஆசியப் பெண்மணியாகிய மினெற் டி சில்வா, 1951 அளவில் கண்டி மலைச்சரிவிலே கருணாரத்தின இல்லத்தைக் கட்டி முடித்தார். கொங்கிறீற்றும் கண்ணாடியும் கொண்ட புதுமுறைக் கட்டடங்களிலே அரக்குக் கடைசல் மரமும் தும்பறைப் பாய்ப் பின்னலும் இடம்பெறச் செய்து, அம்முறைக்கு நவீன பிராந்தியக் கட்டடக்கலை எனப் பெயரிட்டார். 1950களின் பிற்பகுதியில் அவர் வகுத்த வட்டப்புலுவக் குடியிருப்பு, அரச ஊழியரின் எளிய வீடுகளுக்கும் அந்நோக்குப் பொருந்தும் என்பதற்குச் சான்று.

இடித்த வீடுகளின் பழஞ்சாளரங்கள் இன்று கண்டியை அடுத்த தெருவோரங்களில் விலைக்கு வருகின்றன. அவற்றைப் புதுவீட்டுக்குக் கொள்வோர் சுவர் எழுமுன்னரே வாங்கி, நிலையின் அளவுக்கேற்பச் சுவரில் வாய் விடுதல் வேண்டும். சுவர் எழுந்தபின் வாங்கின், வாயின் அளவுக்காக நிலையை அறுக்க நேரும். அறுக்கும்போது முதலிற் போவது பழந்தச்சர் இட்ட பொருத்தே. பிணைச்சலையும் கொண்டியையும் கழற்றித் துருநீக்கி எண்ணெயிட்டு அவ்வக் கதவுக்கே மீளப் பூட்டுதலும், கழற்றுமுன் ஒவ்வொரு கதவுக்கும் அதன் நிலைக்கும் ஒரே இலக்கத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துவைத்தலும் தச்சரின் நாட்களை மிச்சப்படுத்தும்.