அன்று துரை, இன்று ஆளுநர்

தோட்டத்துப் பள்ளிக்கூடம் யாருடையது என்று நானுஓயாப் பக்கத்தில் அந்தக் காலத்தில் கேட்டிருந்தால், 'துரையுடையது' என்றுதான் பதில் வந்திருக்கும். 1907ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொன்னது. 6 வயது முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது தோட்டத்துரையின் பொறுப்பு. சட்டம் கேட்டது அவ்வளவுதான். துரையும் அதற்குமேல் செய்யவில்லை.

லயத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் வாய்ப்பாடு ஓதும்போது மறுமூலையில் அரிச்சுவடி நடக்கும். வாத்தியாருக்குச் சம்பளம் தோட்டக் கணக்கில். ஐந்தாம் வகுப்பு தாண்டினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பு கிடையாது. பேர் பதிந்து மலைக்குப் போவதுதான்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் போனது. லயத்துக்கு மட்டும் வரவில்லை. 1947 பொதுத் தேர்தலில் தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். நுவரெலியாத் தொகுதி சௌமியமூர்த்தி தொண்டமானைத் தெரிவு செய்தது. மறுவருடமே அவர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. 1960, 61இல் அரசு உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் பழையபடியே கிடந்தன. கேட்பதற்கு நாதியில்லை. வாக்கில்லாதவன் பிள்ளைக்கு யார் வகுப்பறை கட்டுவார்?

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதன் பிறகுதான், 1977 தொடக்கம் கட்டம் கட்டமாகப் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியோடு உருவானது; மலையகத்துப் பிள்ளைகளே மலையகத்துக்கு ஆசிரியர்களாக வந்தார்கள். கொழுந்து பறிப்பவரின் மகள் உயர்தரம் படித்துப் பேராதனைக்குப் போவது இன்று அதிசயமில்லை.

நிர்வாகமும் மாறியது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பின் தேசிய பாடசாலைகள் கொழும்பின் கீழ், மற்றவை மாகாண சபையின் கீழ். இன்று கணித ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் கொடுக்கும் கடிதம் அதிபரிடமிருந்து கோட்டத்துக்கும், அங்கிருந்து நுவரெலியா வலயத்துக்கும், அப்படியே கண்டியில் உள்ள மாகாணத் திணைக்களத்துக்கும் ஏறுகிறது. பதில் வருவதற்குள் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையையே எழுதி முடித்துவிடுகிறது. கணிதம், விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு மலையகத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

சரி, கண்டியில் அந்தக் கடிதத்துக்கு யார் பொறுப்பு? மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்தில் தோற்றது. தேர்தல் அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து மாகாணக் கல்விக்கு மக்கள் தெரிவு செய்த அமைச்சர் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில்தான் எல்லாம். அமெரிக்காவின் பல ஊர்களில் பாடசாலைச் சபைக்கே மக்கள் வாக்களித்து ஆள் அனுப்புகிறார்கள். நமக்கு மாகாணத்துக்கே வாக்கில்லை.

அன்று வாக்குரிமையே இல்லை. இன்று அது கையில் இருந்தும் போடுவதற்குப் பெட்டி வைப்பாரில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் சம்பளத்தையும் வீட்டையும் கேளுங்கள். கூடவே மாகாண சபைத் தேர்தல் எப்போது என்றும் கேளுங்கள். பிள்ளைகளின் கணித வாத்தியாரும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறார்.