உருகாது ஒட்டும் உலோகம்

வெள்ளவத்தையிலே கடலை அடுத்துக் குடியிருப்போர் உப்புக்காற்றின் கொடுமையை நன்கறிவர். படலையும் சாளரக் கம்பியும் விரைவிலே துருவேறி உதிர்கின்றன. உலோகத்துக்குக் காப்பு பூச்சு. பூச்சுக்கு உயிர் அதன் பற்று.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் அப்பற்றினை வெப்பத்தாற் பெறுவர். பாத்திரத்தைத் துலக்கிச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் தேய்ப்பர். துலக்கல் குறையினும் சூடு குறையினும் ஈயம் பற்றாது.

உருக்காமலே பற்றச் செய்யும் முறையொன்று 1980களிலே தோன்றியது. சைபீரியாவின் நோவசிபீர்ஸ்க் நகரில் அனத்தோலி பாப்பிரினும் அவர்தம் குழுவினரும், ஒலியினும் விரைந்த வளியோட்டத்தில் உலோகத்தூளைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அஃது எதிர்ப்பட்ட பொருளில் உருகாது படியக் கண்டனர். இதனைக் 'குளிர் தெளிப்பு' என்பர். ஐதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் ஆய்வு நிலையமும் இதனை ஆராய்ந்து வருகின்றது.

கொட்டாஞ்சேனையிலே பட்டறைத் தொழில் செய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவர் வினவினார்: "ஐயா, குளிர் என்கிறார்கள்; பின்னர் வாயுவை ஏன் பல நூறு பாகைக்குச் சூடாக்குகிறார்கள்?"

தக்க வினா. அச்சூடு தூளை உருக்குதற்கன்று, விரைவு கூட்டுதற்கே. உயர் அமுக்கமுள்ள நைதரசன் அல்லது ஈலியம், உடுக்கைபோல் இடை சிறுத்து விரியும் குழலூடே பாய்ந்து தூளை உந்துகின்றது. வாயு சூடேற, விரைவும் ஏறும். செம்புக்கு வேண்டிய எல்லை விரைவு செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர். அதனிற் குறைந்தால் துணிக்கை தெறித்துவிடும். எல்லை கடந்தால், மோதிய கணத்தில் அதன் விளிம்பு நெகிழ்ந்து, மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் உடைந்து, உலோகத்தோடு உலோகம் பொருந்தும். அளவிறந்து விரைந்தாலோ, பூச வந்த தூளே பரப்பை அரித்துவிடும்.

தூளின் பருமனும் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்கிரோன் வரை அமைதல் வேண்டும். மிக நுண்ணியது பரப்பை அணுகுமுன் வளியோடு விலகும். பெரியது போதிய விரைவு பெறாது. ஈலியம் இலேசானதாதலின் கூடிய விரைவு தரும். ஆனால் விலை மிகுதி. அலுமினியத்தூளோ மிகுசூட்டிற் குழலின் உட்சுவரில் ஒட்டி வழியடைக்கும்.

சாளரக் கம்பிக்கு இது கட்டுபடியாகாது. தேய்ந்துபோன விலைமிக்க உறுப்புகளை, வெப்பத்தாற் கெடாது செப்பனிடவே இது பயன்படுகின்றது. அமெரிக்காவிலே உலங்கு வானூர்திகளின் மக்னீசிய உறுப்புகளை இவ்வாறு மீட்டிருக்கின்றனர்.

'குளிர்' என்ற சொல்லை நம்பித் தொழிலாளி சூட்டைக் குறைப்பானாயின், விரைவு குன்றும்; பூச்சுப் பற்றாது; உறுப்பும் பாழாம். சொற்பிழை ஈண்டுத் தொழிற்பிழையாகின்றது. ஆதலின் 'உருகாத் தெளிப்பு' என வழங்குதல் நன்றென்பது என் கருத்து. பட்டறை அறிந்தோர் இதனினும் பொருந்திய சொல் தருவரேல், என் மாணாக்கர்க்கு அதனையே கற்பிப்பேன்.