பளபளக்கும் கார்பன் ஃபைபர் பானட்... உண்மையிலேயே உறுதியானதா?

காருக்கு கார்பன் ஃபைபர் பானட் மாட்டினாலே எடை குறைந்து, உறுதி கூடிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது பானட் தயாரான விதத்தைப் பொறுத்தது.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

கண்ணைப் பறிக்கும் பின்னலும் மினுமினுப்பும் மேற்பரப்பு சமாச்சாரம்தான். விலை குறைந்த சில பாகங்களில் மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி, அடியில் முழுக்க ஃபைபர் கிளாஸ். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எடை பெரிதாகக் குறையாது.

பலம் எதில் இருக்கு?

இழைகளின் திசை, அடுக்குகளின் எண்ணிக்கை, ரெசின் அளவு, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிய விதம் ஆகியவற்றில்தான். 1981-ல் மோன்சா பந்தயத்தில் மெக்லாரன் எம்பி4/1 கார் மோதி இரண்டாகப் பிய்ந்தும், ஓட்டிய ஜான் வாட்சன் தப்பினார். அவரைக் காத்தது கார்பன் கூட்டின் உறுதிதான். பின்னல் அழகு அல்ல.

எதை கவனிக்கணும்?

மேல்பூச்சில் குண்டூசி முனை அளவு துளை இருந்தால் அது பெரும்பாலும் அழகுக்குறைதான். அடுக்குகள் பிரிவது, விரிசல், லாக் மாட்டும் இடம் பலவீனமாக இருப்பது ஆகியவைதான் ஆபத்து. வேகமாகப் போகும்போது பானட் திறந்துகொண்டால் முன்கண்ணாடியையே மறைத்துவிடும்.

அதனால் வாங்கும் முன் பானட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க, எடையையும் கேளுங்க.