உங்களுக்குத் தெரியுமா? பனியன் ஊரிலிருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு

தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆன மறுநாளே திருப்பூர் காலியாகிவிடும். ஒரு கூட்டம் மதுரை, தேனி, திருவாரூர் பஸ்களில் சொந்த ஊருக்குப் போகும். இன்னொரு கூட்டம் கம்பெனி டூர், டீலர் டூர் என்று கோவா, அந்தமான், பட்டாயா பக்கம் கிளம்பும். டூர்க்காரர் தரும் நோட்டீஸில் ‘போட் பார்ட்டி, ஸ்நார்க்லிங், லஞ்ச் உட்பட’ என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

◆ நாள் முழுக்கப் படகில் என்றாலும், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்க்கும் ஸ்நார்க்லிங் நேரம் பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணிதான். மற்றதெல்லாம் பாட்டு, டான்ஸ், டால்பின் தேடல், மீன் வறுவலுடன் சாப்பாடு, கூட்டமாக செல்ஃபி. கோவாவில் கிராண்டே தீவுக்குப் போகும் படகுகளின் கதை இதுதான். மாண்டவி, சுவாரி ஆறுகள் அருகிலேயே கடலில் கலப்பதால் அங்கே நீர் அவ்வளவு தெளிவாக இருக்காது. அந்தமான் போஸ்டரை மனதில் வைத்துக்கொண்டு கோவாவில் குதித்தால் ஏமாற்றம்தான்.

◆ பட்டாயா போகிறவர்களுக்கு ‘கோரல் ஐலண்ட்’ என்று விற்கப்படும் இடத்தின் ஊர்ப்பெயர் கோ லார்ன். கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். ஸ்பீடுபோட் உங்களை முதலில் நடுக்கடல் மேடையில் இறக்கும். பாராசூட் கட்டிப் பறக்கவும், தலையில் ஹெல்மெட் மாட்டிக் கடலடியில் நடக்கவும் அங்கே தனித்தனிக் காசு. தீவுக்குப் போய்ச் சேர்ந்தால் இந்தியச் சாப்பாடு, சாம்பார் உட்பட, தயாராக இருக்கும். பவளப்பாறையைத்தான் தேட வேண்டும்.

◆ லீவு தீபாவளிக்குத்தான் கிடைக்கும். ஆனால் எல்லாக் கடலும் தீபாவளிக்குத் தயாராக இருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். ராமேஸ்வரம் பக்கம் நீர் கலங்கல். இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் வாடைக்காற்று தொடங்கியிருக்கும். அங்கே நல்ல பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அந்தமானில் அது புயல் மாதம். ஜனவரிக்கு மேல் போவதே உத்தமம். தீபாவளிக்கு ஒத்துவருவது மேற்குக் கரைதான். கோவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓய்ந்திருந்த படகுகள் அக்டோபரில்தான் மறுபடி ஓடத் தொடங்கும். டூர்க்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார். அவருக்கு சீட் நிரம்ப வேண்டும்.

◆ திருப்பூர்க்காரர் செய்யும் முதல் தப்பு, வெள்ளைப் பனியனோடு கடலில் இறங்குவது. பருத்தி இயல்பாகவே 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் நூல் என்பது நூல் கடையில் நிற்கும் பையனுக்கும் தெரியும். பாலியெஸ்டருக்கு அது 0.4 தான். கடலில் நனைந்த காட்டன் பனியன் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு உடம்பை இழுக்கும். கழுத்து தொங்கும், அக்குள் உரசும்.

வெயிலைத் தடுக்குமா என்றால் அதுவும் இல்லை. துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதற்கு யுபிஎஃப் என்று ஓர் அளவு உண்டு. உலர்ந்த வெள்ளை டி-ஷர்ட்டுக்கு அது 7 அளவில் இருக்கும். நனைந்தால் 3 ஆகிவிடும். நீச்சலுக்கென்றே தைக்கும் முழுக்கை ரேஷ் கார்டுக்கு 50-க்கு மேல். அதாவது ஐம்பதில் ஒரு பங்குக் கதிர்கூட உள்ளே போகாது. குப்புறப் படுத்து மீன் பார்க்கும் முக்கால் மணி நேரமும் வெயில் முதுகில்தான் அடிக்கும். மறுநாள் ரூமில் முதுகைக் கீழே வைக்க முடியாமல் கிடப்பவர்கள் எல்லோரும் காட்டன் கட்சிக்காரர்கள்.

◆ அந்த ரேஷ் கார்டு பெரும்பாலும் பாலியெஸ்டரோ நைலானோ, கூடவே லைக்ரா கலந்த நிட் துணி. லைக்ரா என்று நாம் சொல்லும் எலாஸ்டேன் இழையை 1958-இல் அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தார். நல்ல ரேஷ் கார்டின் தையலைத் திருப்பிப் பாருங்கள். துணி ஒன்றின் மேல் ஒன்று புடைத்துக்கொண்டிருக்காமல் தட்டையாக ஓடும். உப்புத் தண்ணீரில் தோலை அறுக்காமல் இருக்கத்தான் அந்தத் தையல். வாங்கும்போது பிராண்டைப் பார்ப்பதைவிட உள்பக்கத் தையலைப் பாருங்கள். இந்த ஊர்க்காரருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

◆ கடல் தண்ணீர் வாயில் போனால் ‘ஐயோ, என்ன உப்பு’ என்போம். கடலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, டார்க் ஷேடாக இருந்தால் தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். நம்மூர் சாயத் தொட்டி கடலைவிட இரண்டு மடங்கு கரிக்கும். அந்த உப்பு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில்தான் போய் விழுந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற முறை கெட்டிப்பட்டது. இன்று கழிவுநீரைக் காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுத்து, மறுபடி தொட்டிக்கே கொண்டுவருகிறார்கள்.

◆ பாலியெஸ்டர் ரேஷ் கார்டிலும் ஒரு குறை உண்டு. துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து, சாக்கடை வழியாகக் கடலுக்கே போகின்றன. டூர் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் போதும். மெஷினில் போட்டுப் புரட்ட வேண்டாம்.

◆ மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறதா? மாஸ்க்கைத் திட்டுவதற்கு முன் மீசையைத் தடவிப் பாருங்கள். சிலிகான் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும். நடுவில் முடி வந்தால் அந்த வழியாக நீர் கசியும். எடுக்க மனமில்லாதவர்கள் மீசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளலாம். கண்ணாடி மூடுபனி போல மறைத்தால் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒரு தடவை அலசிப் போட வேண்டும். கடல் பழகினவர்கள் எல்லோரும் செய்வதுதான், அருவருப்புப் படாதீர்கள்.

◆ மூச்சுக் குழாய் ஏன் ஒரு முழத்துக்கும் குறைவாக இருக்கிறது? நீளமாகச் செய்தால் இன்னும் ஆழம் போகலாமே? முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சுக்கூட்டின் மேல் கூடுதலாக ஏறும் அழுத்தம் நூறு கிலோ எடை வைத்த மாதிரி. குழாய் வழியாகக் காற்றை இழுக்க நெஞ்சு விரியவே விரியாது. போதாததற்கு, விட்ட மூச்சு குழாய்க்குள்ளேயே தங்கி, அதையே திரும்ப இழுக்க நேரும்.

◆ தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ‘இத்தாம் பெரிய மீன்’ என்று கை விரிப்பவரை நம்புங்கள், ஆனால் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

◆ நிறமும் மாறும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு பெருமளவு காணாமல் போய்விடும். ரத்தச் சிவப்பு டி-ஷர்ட் அடியில் பழுப்பாகத் தெரியும். பையர் அனுப்பிய ஷேடை கலர் மேட்சிங் பெட்டிக்குள் டி65 விளக்கில் ஒருமுறை, டிஎல்84 விளக்கில் ஒருமுறை பார்த்து, ‘இதில் ஓகே, அதில் ரிஜெக்ட்’ என்று தலையில் கை வைக்கும் மெர்ச்சண்டைசருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. கடல் இன்னொரு விளக்கு, அவ்வளவுதான்.

◆ “ஏனுங்க, எனக்கு நீச்சலே தெரியாதுங்களே?” தெரிய வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும்; பல இடங்களில் டியூபைப் பிடித்துக்கொண்டால் படகுக்காரரே இழுத்துக்கொண்டு போவார். தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: பயம் வந்தால் பாறை மேல் ஏறி நிற்கக்கூடாது. அது பாறை அல்ல, பவளம் என்னும் சிற்றுயிர்களின் கூட்டம். மிதித்தால் அது சாகும். உங்கள் காலும் கிழியும். மல்லாந்து படுத்துக் கையைத் தூக்குங்கள், ஆள் வருவார்.

◆ கடலில் குதித்து மீன் பார்ப்பதை டூர் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. பாம்பன் பக்கம் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் பல்லாண்டுகளாக, புடவைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். மூச்சுக் குழாய் இல்லை, ஆக்சிஜன் இல்லை. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, கையால் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் பாதுகாப்புக்காக இயங்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது.

இதில் திருப்பூருக்கு என்ன என்று கேட்கலாம். ராமநாதபுரம் கடலில் எடுக்கும் சிலவகைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசை கிடைக்கிறது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் பிரிண்ட் போடும்போது சாயம் ஓடிவிடாமல் கெட்டியாக நிற்க, சாயத்தோடு சேர்ப்பது சோடியம் ஆல்ஜினேட்டைத்தான். மற்றப் பசைகள் சாயத்தோடு வினைபுரிந்து துணியை விறைக்கவைத்துவிடும். உங்கள் கம்பெனி பூப்போட்ட நைட்டிக்குப் பின்னால் யாரோ ஒருவர் மூச்சடக்கி மூழ்கியிருக்கலாம்.

◆ மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. இங்கே பார்ட்டி படகு எதிர்பார்க்காதீர்கள். வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்கவே முடியாது. நல்ல விஷயம்தான்.

◆ கிளிமீன் பவளப்பாறையைக் கடித்து மென்று, மணலாக வெளியே தள்ளும். ஒரு பெரிய மீன் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். வெள்ளை வெளேர் பீச்சில் நீங்கள் படுத்திருப்பது எதன் மேல் என்று இப்போது புரிந்திருக்கும்.

◆ அந்தமானின் ஜாலி பாய் தீவுக்கு பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. சுறா பார்க்க வேண்டுமென்றால் இலங்கையில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு: 2003-இல் தேசியப் பூங்காவானது, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். செட்டை நுனி கறுத்த சிறிய சுறாக்கள் இடுப்பளவு நீரிலேயே வரும். ஆளைக் கண்டால் அவைதான் ஓடும்.

◆ சன்ஸ்கிரீன் சிலவற்றிலுள்ள ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாது என்று பலாவ் தீவுநாடு 2020-இலும், ஹவாய் 2021-இலும் தடை போட்டன. தாய்லாந்தும் தன் கடல் பூங்காக்களில் 2021-இல் தடுத்துவிட்டது. முழுக்கை போட்டவருக்கு முகத்துக்கும் புறங்கைக்கும் பூசினால் போதும்.

◆ கிளிஞ்சல், பவளத் துண்டு என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரியும்.

◆ இனி பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியது. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாக டூர் போன தமிழர்கள். 25 பேருக்கான படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை ஏற்றியிருந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாடிப் படகாக மாற்றிக் கூட்டம் ஏற்றியதில் 22 பேர். படகு ஏறும்போது எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும் பலகையைத் தேடுங்கள். தலைகளை எண்ணுங்கள். அதிகம் இருந்தால் இறங்கிவிடுங்கள். கொடுத்த காசு போனால் போகிறது. டால்பின் தெரிந்ததும் ஐம்பது பேரும் ஒரே பக்கம் ஓடுவதுதான் மாடிப் படகுக்கு மிக ஆபத்தான நொடி. அந்த நேரம் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பவர் புத்திசாலி. லைஃப் ஜாக்கெட்டின் கீழ்வாரையும் கட்டுங்கள். கட்டாவிட்டால் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும்.

◆ பீர் உள்ளே போனால் தண்ணீர் தேவையும் கூடும், துணிச்சலும் கூடும். இரண்டும் கடலுக்கு ஆகாதவை. முதலில் ஸ்நார்க்லிங், கரைக்குத் திரும்பும்போது மற்றது. சரக்கு ஏற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறக்கும் படகாக இருந்தால், படகின் மற்ற விஷயங்களிலும் அதே அக்கறைதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

◆ குமட்டலுக்கு மாத்திரை, படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். காலையில் பரோட்டா வேண்டாம், இட்லி போதும்.

◆ ஸ்நார்க்லிங் முடித்த அன்றே விமானம் ஏறலாம். சிலிண்டர் மாட்டிய ஸ்கூபாவுக்கு அது பொருந்தாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற 18 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். அந்தமானிலிருந்து டூரின் கடைசி நாள் காலையிலேயே ஊர் திரும்ப டிக்கெட் என்றால், ஸ்கூபாவை முதல் நாளிலேயே போட்டுக்கொடுக்கச் சொல்லி டூர்க்காரரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.