பழைய லேப்டாப் கொதிக்கிறதா?

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் பலரிடம் இருப்பது பழைய லேப்டாப்தான். ப்ராஜெக்ட், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைகளின்போது அது சூடேறி, வேகம் குறைந்து, சில நேரம் அணைந்தும் விடுகிறது. கடன் வாங்கிப் புதிது வாங்குமுன் இவற்றைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மெத்தை, தலையணை மீது வைக்க வேண்டாம். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். விசிறியில் படிந்த தூசியை நீக்கி, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றித் தரும்படி கடையில் கேளுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால், பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று சூடு தணியும். வேலை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள், தீப்பிடிக்கலாம். மற்றபடி, இன்ஷா அல்லாஹ், படிப்பு முடியும்வரை பழையதே கைகொடுக்கும்.