பத்து உதை உதைத்தும் கிளம்பாத புல்லட்!

உதைக்கிறார். மறுபடியும் உதைக்கிறார். பத்து உதை ஆகிவிட்டது. சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. வண்டியோ "டப்" என்றுகூடச் சொல்லவில்லை!

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அப்பா ஓட்டிய வண்டி. ஒரு வருஷம் சும்மா நின்றது. இப்போது மகன் ஓட்ட ஆசைப்படுகிறான்.

"என்ஜின் போய்விட்டது" என்று சொல்லி, பழைய இரும்புக்கு விலை பேசிவிடுகிறவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள்! பல சமயம் கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான் இருக்கும்.

1955-ல் சென்னையில் புல்லட் வேலை தொடங்கியது. அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோலை இழுக்க பம்பு கிடையாது. டேங்க் மேலே, கார்பரேட்டர் கீழே. வீட்டு மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதுபோல, பெட்ரோல் தானாக இறங்கி வரும். (2020-க்குப் பின் வந்த புது வண்டிகள் வேறு மாதிரி. அவற்றில் கை வைக்க வேண்டாம்.)

முதலில் நெருப்பு!

வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி வாருங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், சமையல் அறையில் எரியும் அடுப்பில்கூடப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

வருகிறதா, இல்லையா?

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நாள்பட்ட பெட்ரோல் வார்னிஷ்போல நாறும். நிறமும் கறுத்திருக்கும். அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். குழாயில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் குழாயா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கார்பரேட்டரில் செருகிய குழாயைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் பிடியுங்கள். டேப்பைத் திருப்புங்கள். தாராளமாக ஓடினால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால், டேப்பில் உள்ள வலையில் துரு அடைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் வேகமாக ஓடுகிறதா? அப்படியானால் குற்றவாளி மூடிதான்! அதில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. கொஞ்ச தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துக் கிளம்பும் வண்டிக்கும் இந்த வியாதி இருக்கலாம்.

பெட்ரோல் நன்றாக வந்தும் கிளம்பவில்லையா? குழாயைப் பழையபடி மாட்டி, நாலைந்து முறை உதைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால், பெட்ரோல் கார்பரேட்டரைத் தாண்டவில்லை. நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது. அளவுக்கு மேல் வருகிறது, அல்லது பொறி வரவில்லை. ஆனால் பொறியைச் சோதிக்க, பெட்ரோல் சிந்திய இடத்தில் பிளக்கை வைத்து உதைக்காதீர்கள்! அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஊசி வேண்டாம்!

கார்பரேட்டருக்குள் பித்தளையால் ஆன ஜெட்டுகள் இருக்கின்றன. சின்ன ஜெட்டின் துளை நூல் கனம்தான். நின்றுபோன வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் அங்கே படியும். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் சின்ன ஜெட் மேல் சந்தேகப்படலாம். மெதுவாக ஓடி, முறுக்கினால் திணறினால் பெரிய ஜெட்.

இரும்பு ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிடும். பிறகு பெட்ரோலை வண்டி குடித்துக்கொண்டே இருக்கும். கார்பரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்று அடித்தால் போதும். கழற்றிய திருகுகளை வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். முறத்தில் கொட்டி வைத்தால் மாட்டும்போது ஒன்று குறையும்!

கார்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழுந்து வழியை அடைக்கும். அங்கே ஒரு துரும்பு சிக்கினாலும், மிதவை ஓட்டை ஆனாலும், வெளியே பெட்ரோல் ஒழுகும். ஒழுகும் வண்டியை உதைக்கவே கூடாது. டேப்பை மூடிவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து வாருங்கள்.